யாத்திரிகர் காசில் வளர்ந்த கலை

சுற்றுலாக்காரர்களை ஊருக்குள் விட்டால் பண்பாடு கெட்டுவிடும் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒடிசாவில், புரிக்குப் பக்கத்தில் பார்கவி ஆற்றங்கரையில் உள்ள ரகுராஜ்பூரைக் காட்டியும் இதைச் சொல்கிறார்கள். துணியில் சாமி படம் தீட்டும் பட்டச்சித்திரக் கலைக் குடும்பங்களின் ஊர் அது. 2000-இல் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அதைப் பாரம்பரியக் கிராமமாக எடுத்துக்கொண்டது. ஓவியர்கள் வந்தவர்களைத் தங்கள் திண்ணையில் உட்காரவைத்து, வேலையைக் காட்டி, அங்கேயே விற்கிறார்கள்.

சாமி படம் சரக்காகிவிட்டது என்பது முதல் புகார். அது என்றைக்குச் சரக்காக இல்லாமலிருந்தது? புரி ஜகந்நாதரைத் தரிசித்தவர்கள் ஊருக்கு வாங்கிப் போவதற்காகவே ‘யாத்ரி பட்டி’ என்ற படங்களை எழுதினார்கள். அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது, மலிவாக அச்சாகி வந்த சாமி படம். 1950-களில் ஹலினா சீலி என்ற வெளிநாட்டுப் பெண்மணி ஊக்கம் கொடுத்து வெளிச்சந்தையைக் காட்டியபோது, பலர் தூரிகையைக் கீழே வைத்திருந்தார்கள்.

சடங்கு நீர்த்துப்போகிறதாம். புரிக் கோயிலில் ஸ்நான பௌர்ணமியன்று நூற்றெட்டுக் குடம் நீராடிய மூர்த்திகளுக்குக் காய்ச்சல் கண்டு, இரண்டு வாரம் தரிசனம் கிடையாது. அப்போது வழிபாடு நடப்பது துணியில் எழுதிய அணசர பட்டிக்குத்தான். அதை எழுதும் உரிமை பரம்பரைச் சித்ரகாரர்களுடையது, நியமங்களோடு எழுதுகிறார்கள். கோயிலுக்கு எழுதுவது வேறு, விற்க எழுதுவது வேறு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கோட்டிபுவாவைச் சுருக்குகிறார்கள் என்பது அடுத்தது. சிறுவர்கள் பெண்வேடமிட்டு ஆடும் ஆட்டம் இது. இவ்வூரில் 1926-இல் பிறந்த ஒடிசி நடனக் குரு கேளுசரண் மகாபாத்ராவும் சின்ன வயதில் இதை ஆடியவர்தான். இதிலிருந்து ஒடிசியை மேடைக்காக வடித்தெடுத்தபோதும் வெட்டல் ஒட்டல் நடந்தது. மேடைக்காகச் செய்தால் மறுமலர்ச்சி, திண்ணைக்காகச் செய்தால் சீரழிவா?

கடைச் சாயத்தில் பாட்டிலில் வரைகிறார்கள் என்பதை மட்டும் மறுக்க மாட்டேன். முறைப்படி செய்வதென்றால் பழைய புடவைத் துணி இரண்டைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசி, காயவைத்து, வழவழப்பாகும்வரை கல்லால் தேய்க்க வேண்டும். அப்புறம்தான் சங்குப்பொடி வெள்ளையும் இங்குலிகச் சிவப்பும் விளக்குக்கரிக் கறுப்பும். நாள்கணக்கில் இழுக்கும் வேலை. அரை மணி நேரம் நின்று பாதி விலைக்குக் கேட்கிறவருக்கு பாட்டில்தான் கிடைக்கும்! படம் எழுத எத்தனை நாளானது என்று விசாரித்து, சொன்ன விலையைக் கொடுத்து வாங்குகிறவரும் அதே பேருந்தில்தான் வருகிறார்.

இன்னொன்று: முன்பு பெரும்பாலும் பசை காய்ச்சுவதும் துணி ஒட்டுவதுமாக இருந்த பெண்கள் பலர் இன்று தாங்களே எழுதுகிறார்கள். பண்பாட்டுக் காவலர்கள் இதை ஆதாயமாகவும் எழுதுவதில்லை, நஷ்டமாகவும் எழுதுவதில்லை.

உருப்படியான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2019 மே 3-இல் ஃபானி புயல் புரியில் கரையேறியது. ரகுராஜ்பூரில் வீடுகளோடு ஓவியங்களும் நனைந்து பாழாயின. அதிலிருந்து எழுவதற்குள் கொரோனா வந்தது, வாங்க ஆள் வரவில்லை. வருகிறவர் கையையே நம்பியிருக்கும் ஊர் இப்படி வருடக்கணக்கில் முடங்கினால் என்ன செய்வது என்று யாராவது கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை. கேட்பவர்களோ பாட்டிலைத் தாண்டி வருவதில்லை.