மாதவியின் இரண்டு ஓலைகள்

காரைக்காலிலிருந்து கடலோரமாக வடக்கே சென்று தரங்கம்பாடியைக் கடந்தால் பூம்புகார். சிலப்பதிகார மாதவி ஆடியதும் அழுததும் அவ்வூரில்தான். அவ்வூர் நமக்கு இத்துணை அணித்தே இருந்தும், அவளைப் பற்றி நம் மேடைகளும் தேர்வு விடைத்தாள்களும் வழங்கிவரும் தீர்ப்பு மட்டும் மாறவில்லை. கோவலனை மயக்கியவள், கண்ணகியின் வாழ்வைக் கெடுத்தவள் என்பதே அத்தீர்ப்பு. காப்பியம் அவ்வாறு கூறுகின்றதா?

5 வயதில் தொடங்கி 7 ஆண்டு பயின்று 12 வயதில் அரங்கேறியவள் மாதவி. பரிசாகப் பெற்ற மாலைக்கு 1008 கழஞ்சுப் பொன் விலை கூறி, செல்வ இளைஞர் உலவும் தெருவில் கூனி ஒருத்தி நின்றாள். மாலையைக் கொள்பவனே மாதவிக்கு உரியவன். அவ்விலையைச் சிறுமியா வைத்தாள்? வாங்கியவன் கோவலன், மயக்கிய பழியைச் சுமப்பவளோ மாதவி!

கடற்கரையில் அவன் யாழெடுத்துப் பாடினான். வேறொருத்தியை எண்ணிப் பாடுகின்றான் என ஐயுற்ற மாதவி, தானும் அவ்வாறே ஒரு குறிப்புத் தோன்றப் பாடினாள். பாட்டுக்குப் பாட்டு, அவ்வளவே. அவன் பாடியது பொழுதுபோக்கு. அவள் பாடியது குற்றமாயிற்று. எழுந்து சென்றான்.

அன்று மாலையே தாழை மடலில் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பினாள் மாதவி. கோவலன் அதனை ஏற்க மறுத்தான். அதற்கு அவன் கூறும் காரணத்தை மாணாக்கர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவள் காட்டிய அன்பின் நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அனைத்தும் கூத்து என்கின்றான். ஆடல்மகளுக்கு அஃது இயல்பே என முடிக்கின்றான். பிறப்பையும் தொழிலையும் காட்டி ஒருத்தியின் கண்ணீரையே பொய்யாக்கிவிடலாம் என்றால், அவள் எதனைக் கொண்டு தன் மெய்யை நிறுவுவாள்? நம் கடற்கரை ஊர்களில் சபராளிகளின் துணைவியர் அரபுத் தமிழில் கடிதம் எழுதிக் காத்திருந்த காலத்தை மூத்தோர் அறிவர். எழுதியதை வாங்கவும் மறுத்தல் எத்தகைய கொடுமை என்பதை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கண்ணகிக்குத் தேவந்தி இருந்தாள். வழித்துணையாகக் கவுந்தியடிகள் வாய்த்தார். மாதவிக்கு வசந்தமாலை ஒருத்தியே. தாய் சித்திராபதியோ மகளைப் பழைய தொழிலுக்கே அழைப்பவள். குலமகளிர் வரிசையில் அவளுக்கு இடமில்லை. பிறந்த குலத்தோடு ஒன்ற மனமுமில்லை. 1936-இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இந்நிலையைத் தம் வாழ்விலேயே கண்டவர். மூவலூரும் நமக்கு அண்மையதே.

கோவலன் ஊரைவிட்டு நீங்கியபின் மாதவி இரண்டாம் ஓலையைக் கோசிகன் வழியாக அனுப்பினாள். அதில் தன்னிடம் திரும்பி வருமாறு ஒரு சொல்லும் இல்லை. பெற்றோர்க்குச் செய்யும் பணியை மறந்து, குலக்கொடியோடு இரவிலே வெளியேற நான் செய்த பிழை யாது என்று மட்டுமே வினவுகின்றாள். படித்த கோவலன் அவள்மேல் தீதில்லை, தீது தன்னுடையதே என உணர்கின்றான். அந்த ஓலையே தன் பெற்றோர்க்கு எழுதியதுபோல் பொருந்தியிருப்பதால், அதனையே அவர்களிடம் சேர்க்கப் பணிக்கின்றான். தன் சொல்லாக அனுப்புவதற்கு அவனுக்குக் கிடைத்தது, அவன் நடிகையென இகழ்ந்தவளின் எழுத்து!

கணவனே விடுவித்த பின்னும் நாம் விடுவித்தோமில்லை. 1968-இல் சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை எழுந்தது; தகுதியுடையதே. மாதவியோ பட்டிமன்றத்தில் இன்றும் குற்றவாளிக் கூண்டிலே நிற்கின்றாள். ஓர் ஆடவன் இல்லறத்தை விட்டு வழிதவறினால் 'யார் மயக்கியவள்?' என்றே முதலில் கேட்கும் பழக்கம் நம் வீட்டுத் திண்ணைகளிலும் உண்டு. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவியர் அக்கேள்வியைக் கேட்டே வளர்கின்றனர்.

கோவலன் இறந்தபின் துறவு பூண்ட மாதவி, தான் பெற்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்றே கூறித் தாயின் அழைப்பை மறுத்ததை மணிமேகலைக் காப்பியம் காட்டும். வழக்குரை காதையை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம் மாணாக்கர், இரண்டாம் ஓலை இடம்பெறும் புறஞ்சேரி இறுத்த காதையையும் முழுமையாகப் படித்தல் வேண்டும். வரும் ஆண்டுத் தமிழ்மன்றக் கூட்டம் ஒன்றில், பட்டிமன்றம் வேண்டா, அக்காதையை ஒரு மாணவி உரத்துப் படிக்க, நாம் அனைவரும் அமர்ந்து கேட்கலாம்.