ஒரு தம்பிடியும் 31 ரூபாயும்

1902 பிப்ரவரி. காசியில் ஞானவாபிக் கிணற்றருகே ஒரு பண்டாவுக்கும் யாத்திரிகர் ஒருவருக்கும் வாய்த்தகராறு. யாத்திரிகர் தட்சிணையாக நீட்டியது ஒரே ஒரு தம்பிடி. ரூபாயில் 192-ல் ஒரு பங்கு. பண்டா அதை விட்டெறிந்தார். இந்த அவமரியாதைக்கு நேரே நரகம்தான் என்று சபித்தார். யாத்திரிகர் அசரவில்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இதுவும் கிடைக்காது என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, தம்பிடியைக் குனிந்து எடுத்துக்கொண்டு நடந்தார். சில அடிகள் போனதும் பண்டாவே கூப்பிட்டார். சரி, வைத்துவிட்டுப் போ, வாங்காமல் விட்டால் உனக்குத்தான் கெடுதல் என்றார். யாத்திரிகர் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த யாத்திரிகர் லண்டனில் படித்துத் தேறிய பாரிஸ்டர். தென்னாப்பிரிக்காவில் நன்றாகச் சம்பாதித்துவிட்டு வந்தவர். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. வயது 32.

கஞ்சத்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே நாளில் பூஜை செய்துவைத்த பண்டாவிடம் அவர் முன்கூட்டியே ஒரு விஷயத்தைப் பேசி முடித்திருந்தார்: ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் தட்சிணை தர இயலாது, ஏற்பாடுகளை அதற்குத் தகுந்தபடி செய்துகொள்ளுங்கள். அந்தப் பண்டாவும் மறுப்பில்லாமல் சம்மதித்தார். செலவு செய்த பிறகு வருத்தப்படுவதற்குப் பதில், செய்வதற்கு முன்பே எல்லையைச் சொல்லிவிடும் பழக்கம் அது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று தமிழில் சொல்வார்களே, அதைக் கங்கைக் கரையிலும் கடைப்பிடித்த மனிதர்.

கல்கத்தாவிலிருந்து ராஜ்கோட்டுக்குப் போகிற வழியில் காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய நான்கு ஊர்களில் ஒவ்வொரு நாள் தங்குவது என்று திட்டம். மூன்றாம் வகுப்பில்தான் பயணம். சாமானிய ஜனங்கள் படும் கஷ்டத்தை நேரில் தெரிந்துகொள்வது நோக்கம். கோகலே முதலில் இந்த யோசனையைக் கேலி செய்தார். பிறகு அவரே ஒரு பித்தளை டப்பாவில் பூரியும் இனிப்பும் நிரப்பிக் கொடுத்து, ரயிலடி வரை வந்து வழியனுப்பினார். முதல் வகுப்பில் போயிருந்தால் வந்திருக்கமாட்டேன் என்றாராம். விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராயும் வந்திருந்தார்.

மூட்டை முடிச்சு மிகவும் எளிது. 12 அணாவுக்கு வாங்கிய ஒரு கித்தான் பை. அதற்குள் போர்பந்தர் பக்கத்து முரட்டுக் கம்பளியில் தைத்த நீளக் கோட்டு, ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு சட்டை. போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. தண்ணீருக்கு ஒரு செம்பு. மெயில் வண்டிகளில் கூட்டமும் அதிகம், கட்டணமும் அதிகம் என்பதால் பெரும்பாலும் சாதாரண வண்டிகளையே தேர்ந்தெடுத்தார். பாலன்பூர் தவிர மற்ற ஊர்களில் தர்மசாலையிலோ பண்டாக்கள் வீட்டிலோ தங்கினார். பல ஆண்டுகள் கழித்துச் சுயசரிதை எழுதும்போதும் அந்தப் பயணத்தின் மொத்தச் செலவு அவருக்கு ஞாபகம் இருந்தது. ரயில் கட்டணம் உள்பட 31 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை.

இந்தப் பழக்கம் தொடங்கிய இடம் காசியல்ல, லண்டன். 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காகக் கப்பலேறியபோது வயது 18. போன புதிதில் வெள்ளைக்கார ஜென்டில்மேனாக மாறிவிடும் ஆசை பிடித்து ஆட்டியது. பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை நேர சூட், 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி, 3 பவுண்டுக்கு வயலின், நடன வகுப்புக்கு 3 பவுண்டு, மேடைப் பேச்சு கற்க ஒரு கினி. ஊரில் இருந்த அண்ணன் தங்கத்தில் இரட்டைச் சங்கிலி வாங்கி அனுப்பினார். இந்த மோகம் சுமார் மூன்று மாதம் நீடித்தது. வயலின் விற்கப்பட்டது. உடை விஷயத்தில் மட்டும் கவனம் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

ஆனால் அந்த ஆட்டத்திற்கு நடுவிலும் ஒரு காரியம் நிற்கவில்லை. ஒரு ஃபார்திங் செலவானாலும், அதாவது கால் பென்னி செலவானாலும், நோட்டில் ஏறியது. பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த இரண்டு காசு, எல்லாம். ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் இருப்பை எண்ணிக் கணக்கை நேர் செய்துவிட வேண்டும்.

அந்த நோட்டுதான் அவரை மாற்றியது. கணக்கைப் புரட்டியபோது இரண்டு இனங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, வண்டிச் சத்தம். இன்னொன்று, குடும்பத்தோடு தங்கியிருந்ததற்காக வாரா வாரம் கட்டிய பில். அந்தக் குடும்பத்தாரை அவ்வப்போது வெளியே விருந்துக்கு அழைத்துப் போகும் செலவு வேறு. செலவைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவு செய்தவர், பத்திரிகைக்குக் கொடுத்த இரண்டு காசில் கை வைக்கவில்லை. குடியிருக்கும் இடத்தை மாற்றினார். வேலையிருக்கும் இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து போகிற தூரத்தில் தனியாக இரண்டு அறைகள் எடுத்தார். வண்டிச் சத்தம் மிச்சம். தினசரி எட்டு முதல் பத்து மைல் நடை. இங்கிலாந்தில் இருந்தவரை நோய்நொடி அண்டாததற்கு அந்த நடைதான் காரணம் என்று பின்னால் எழுதினார்.

அடுத்த கட்டம் இன்னும் கடுமை. அவரைவிட ஏழையான மாணவர்கள் வாரம் 2 ஷில்லிங் வாடகை அறையில் இருந்துகொண்டு, 2 பென்ஸுக்குக் கோகோவும் ரொட்டியும் சாப்பிட்டுப் படிப்பதைப் பார்த்தார். இரண்டு அறை ஒன்றானது. ஒரு ஸ்டவ் வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, கோகோ. செய்து முடிக்க இருபது நிமிடம். மதியம் வெளியே சாப்பாடு. இரவு ரொட்டியும் கோகோவும். ஒரு நாள் பிழைப்பு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் முடிந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், பாண்ட் தெருவில் தைத்த ஒரு சூட்டின் விலை 160 நாள் சாப்பாடு.

இப்படி வாழ்ந்ததில் வாழ்க்கை வறண்டுபோகவில்லை, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பொருத்தம் வந்தது, குடும்பத்தின் நிலைமைக்கும் அது ஏற்றதாக இருந்தது என்பது அவர் கருத்து. கடைசிக் காரணம் முக்கியமானது. அவர் செலவழித்தது அண்ணனின் பணம்.

செலவை எழுதுகிறவனுக்குத்தான் வரவின் அருமை தெரியும் என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டின. 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பியவருக்கு பம்பாயில் வழக்கு வரவில்லை. கிடைத்த முதல் வழக்குக்குப் பேசிய கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்கு நா எழவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க மாதம் 75 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்தார். பட்டதாரி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கிர்காமிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு முக்கால் மணி நேரம் நடந்தே போய், நடந்தே வந்தார். அப்படியும் வரவும் செலவும் ஒட்டவில்லை. ஆறு மாதத்தில் பம்பாய் வீட்டைக் காலி செய்துவிட்டு ராஜ்கோட் போனார். விண்ணப்பங்களும் மனுக்களும் எழுதிக் கொடுத்ததில் மாதம் சராசரி 300 ரூபாய் கிடைத்தது. அதுவும் தன் திறமையால் அல்ல, செல்வாக்கால் என்பதை அவர் மறைக்கவில்லை. பிறகு 105 பவுண்டு சம்பளத்துக்குத் தென்னாப்பிரிக்கா. காலம் 1893.

அங்கே வருமானம் பெருகியது. நோட்டு மூடப்படவில்லை. சலவைக்காரருக்குக் கொடுக்கும் பணம் அதிகமாக இருப்பதைக் கணக்கு காட்டியபோது, சலவை பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்துத் தானே துவைத்தார். முதல் காலருக்குக் கஞ்சி அதிகமாகிப் போனது. நீதிமன்றத்தில் அது உதிர்வதைப் பார்த்துச் சக வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

சொந்தக் காசில் பழகிய கை பொதுக் காசுக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதே முக்கியம். 1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது சந்தா மாதம் குறைந்தது 5 ஷில்லிங். ஓர் ஊரில் 6 பவுண்டு தரக்கூடியவர் 3 பவுண்டுக்கு மேல் அசையவில்லை. வந்தவர்கள் பசியோடு அவர் வீட்டிலேயே இரவு முழுதும் உட்கார்ந்துவிட்டார்கள். விடியும்போது 6 பவுண்டு வந்தது, சாப்பாடும் வந்தது. பணம் கொடுத்தவர்கள் யாரும் ரசீது கேட்கவில்லை. இவர்தான் வற்புறுத்திக் கொடுத்தார். கணக்குச் சுத்தமாக இல்லாத ஸ்தாபனம் வாய்மையைக் காப்பாற்ற முடியாது என்பது அவர் கட்சி. பிற்காலத்தில் லட்சக்கணக்கில் பணம் புரண்ட இயக்கங்களிலும் கடன் விழாமல் மிச்சம் நின்றதற்கு லண்டன் நோட்டையே காரணமாகச் சொன்னார்.

எழுதிவைக்கும் பழக்கம் வாதத்துக்கும் ஆயுதமானது. 1917 செப்டம்பர் 12-ந் தேதி பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்புப் பயணம். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் எழுதியிருந்தது 22 பேருக்கு இடம் என்று. உட்காரத்தான் இடம், படுக்க இல்லை. வழியில் இரண்டு இரவுகள். ராய்ச்சூர் தாண்டியதும் நெரிசல் தாங்க முடியாமல் போய், 35 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். அந்த மாதமே அவர் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்தில் கேட்ட கேள்வி எளிமையானது. முதல் வகுப்புக் கட்டணம் இதைவிட ஐந்து மடங்குக்கு மேல். அப்படியானால் மூன்றாம் வகுப்புக்காரனுக்கு ஐந்தில் ஒரு பங்கு வசதியாவது கிடைக்கிறதா? பத்தில் ஒரு பங்காவது? கட்டணமும் எண்ணிக்கையும் தேதியும் கையில் இருந்ததால் அது வெறும் முணுமுணுப்பாகப் போகவில்லை. பெட்டியையே எச்சில் பணிக்கமாக்கும் சக பயணிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் இந்திய ரயில்களிலிருந்து 1974-ல்தான் போனது.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1929-ல் ‘நவஜீவன்’ இதழில் காந்தி தன் வெட்கத்தையும் வேதனையையும் பகிரங்கமாக எழுதினார். சபர்மதி ஆசிரமத்தில் யாருக்கும் சொந்தப் பணம் கூடாது என்பது விதி. கஸ்தூர்பாவிடம் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த நாலு ரூபாய் அலுவலகத்துக்குப் போகாமல் அவரிடமே தங்கிவிட்டது. முன்பும் ஒரு முறை அப்படி நடந்திருந்தது. நாலு ரூபாய்க்காகக் கட்டிய மனைவியை ஊரறியச் சந்தி சிரிக்கவைப்பதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. விதியின்படி அவர் செய்தது சரி. ஆனால் வருமானம், செலவு இரண்டையும் தன் பெயரில் வைத்துக்கொள்ள ஒரு நாளும் வாய்ப்பில்லாத பெண்ணிடம் அந்த நாலு ரூபாய்க்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு எந்த நோட்டிலும் பத்தி கிடையாது. தன் கணக்கை எழுதுவது ஒழுக்கம். அடுத்தவர் கணக்கையும் தானே எழுதத் தொடங்கும்போது அது அதிகாரமாகிவிடுகிறது. சிக்கனமாகக் குடித்தனம் நடத்தும் பல வீடுகளில் இந்தக் கோடு அன்றாடம் தாண்டப்படுகிறது.

இன்று கணக்கு எழுத யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. டீக்கடையில் கியூஆர் கோடைக் காட்டிச் செல்போனில் கொடுக்கும் பத்து ரூபாயும் தேதி, மணியோடு பதிவாகிறது. மாதக் கடைசியில் வங்கியே பட்டியல் போட்டுத் தருகிறது. ஆனால் பதிவது வேறு, பார்ப்பது வேறு. லண்டன் மாணவனின் நோட்டில் விசேஷம், அது இரவில் கையிருப்போடு ஒத்துப் பார்க்கப்பட்டது என்பதுதான். பஸ் கட்டணம் தினமும் இரண்டு மூன்று காசுதான். மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தபோதுதான் அது வீட்டை மாற்றச் சொன்னது. சில்லறைகளில் இழுத்துப் பிடிப்பதால் பெரிதாக மிச்சமாவதில்லை. வாடகை, போக்குவரத்து போன்ற பெரிய இனம் ஒன்றைப் பிடித்து, வாழ்க்கை ஏற்பாட்டையே சற்று மாற்றினால்தான் செலவு பாதியாகும். மாறிய பிறகு தினம் தினம் மனதைக் கட்டுப்படுத்த வேண்டிய தொல்லையும் இல்லை.

காசியில் அந்தத் தம்பிடியை எடுத்துக்கொண்டு நடந்தபோது, பண்டாவுக்கு ஒரு தம்பிடி நஷ்டம், தனக்கு ஒரு தம்பிடி லாபம் என்று காந்தி மனதுக்குள் மகிழ்ந்துகொண்டாராம். அந்த மகிழ்ச்சியையும் ஒளிக்காமல் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். லாபம் சில அடி தூரம்கூட நிலைக்கவில்லை. பெருமூச்சோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். 31 ரூபாய்க் கணக்கில் அந்தத் தம்பிடியும் அடக்கம்.