மரத்தின் ஈரம்

மரத்தரை போடுவோர் தேக்கா, வேங்கையா என்று கேட்கின்றனர். மரத்தில் ஈரம் எவ்வளவு என்று கேட்பதில்லை. கீழ்க்கட்டளையில் தச்சுவேலை செய்யும் என் தந்தை, பலகைகளை அவை பதியும் அறையிலேயே சில வாரம் அடுக்கிவைக்கச் சொல்வார். ஐப்பசி மழையில் வீட்டுக்காரர் ஒருவர் கேளாமல் அவசரப்படுத்தினார். பின்பு குளிர்சாதன அறையில் பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டன. தந்தையின் கூலியில் பாதி பிடிக்கப்பட்டது.

காரணத்தை நான் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடானால் மரத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீர் நிற்கும். 50 ஆனால் 9 தான். எல்லா அறைக்கும் ஒரே அளவு பொருந்தாது.

நண்பர்களே! மரத்துண்டை நிறுத்து, 103 டிகிரி செல்சியசில் எடை மாறாத நிலைவரை உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் ஈரம் தெரிந்துவிடும். தராசும் அடுப்பும் நம் ஆய்வகத்தில் உண்டு. தச்சர்களுக்கு நாமே சோதித்துத் தரலாமே! கையில் ஓர் எண் இருந்திருந்தால் என் தந்தையின் சொல் அன்று எடுபட்டிருக்கும்.