இந்தியாவில் பிளேஸ்டேசன் விலைக் கொள்கை

பிளேஸ்டேசன் என்பது ஜப்பானின் சோனி நிறுவனம் 1994ஆம் ஆண்டு முதல் விற்பனை செய்துவரும் நிகழ்பட ஆட்ட இயந்திரங்களின் வரிசை ஆகும். இத்தகைய இயந்திரங்கள் கன்சோல் என்று பரவலாக அழைக்கப்படுகின்றன. இந்தியாவில் இவற்றுக்கு இடப்பட்ட விலை, அவ்விலை உருவான முறை, தாம்பரம் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகள் போன்ற சந்தைகளில் இவற்றின் நீண்டகால விற்பனை வாய்ப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

விலையிடலின் அடிப்படை

ஆட்ட இயந்திரத் தொழிலில் இயந்திரத்தின் விலை பெரும்பாலும் அதன் உற்பத்திச் செலவை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ வைக்கப்படுகிறது. இயந்திரத்தால் ஏற்படும் இழப்பை ஆட்டங்களின் விற்பனை, உரிமத் தொகை, இணையச் சந்தா ஆகியவற்றால் ஈடுசெய்வதே இத்தொழிலின் வழமை. சவரக் கத்தியை மலிவாக விற்று அலகுகளில் வருமானம் பார்க்கும் முறையோடு இது ஒப்பிடப்படுவதுண்டு.

பிளேஸ்டேசன் 3 இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2006ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் இதன் 60 கிகாபைட்டு வகை 599 டாலருக்கு வெளியானது. அதன் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 840 டாலர் என ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. 2006-07 நிதியாண்டில் சோனியின் ஆட்டப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கும் மேலான இயக்க இழப்பைக் கணக்கில் காட்டியது. இழப்புக்கு விற்றும் அவ்விலை வாங்குவோருக்கு அதிகமாகவே தோன்றியது.

இரண்டாவது அடிப்படை காலம் ஆகும். உதிரிப்பாகங்களின் விலை ஆண்டுதோறும் குறைவதால் இயந்திரத்தின் விலையும் படிப்படியாகக் குறைக்கப்படும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 299 டாலருக்கு வெளியான பிளேஸ்டேசன் 2, 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் 99 டாலருக்கு வந்தது. 2013ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்த இது 15 கோடிக்கும் மேல் விற்று, உலகில் மிகுதியாக விற்பனையான ஆட்ட இயந்திரமாக விளங்குகிறது. இந்தியா போன்ற நாடுகளின் வாங்குவோர் இவ்விலைச் சரிவின் பிற்பகுதியிலேயே பெருமளவில் சந்தைக்குள் வந்தனர்.

இந்தியாவில் வெளியீட்டு விலைகள்

இந்தியாவில் ஆட்ட இயந்திரங்களின் விலைச் சிக்கல் சோனிக்கு முந்தியது. 1995ஆம் ஆண்டில் ஷா வாலஸ் நிறுவனம் சேகா மெகா டிரைவ் இயந்திரத்தை இந்தியாவில் விற்றபோது அதன் விலை 18,000 ரூபாய். அக்காலத்தில் 80 விழுக்காடாக இருந்த இறக்குமதி வரியைத் தவிர்க்கும் பொருட்டே உள்நாட்டு நிறுவனம் ஒன்றின் வழியாக அது விற்கப்பட்டது. அதே காலத்தில் நின்டெண்டோ இயந்திரத்தின் நகல்கள் மிகக் குறைந்த விலையில் கிடைத்ததால், 1990களின் இந்தியச் சிறுவர் பலருக்கு நகல் இயந்திரமே முதல் ஆட்ட இயந்திரமாக அமைந்தது.

மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவில் 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் 19,990 ரூபாய், 23,990 ரூபாய் என இரு வகைகளில் வெளியானது. ஏழு மாதங்களுக்குப் பின், 2007 ஏப்ரல் 27 அன்று, பிளேஸ்டேசன் 3 39,990 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. அதன்பின் வந்த சோனி இயந்திரங்களின் முதல் விலைகளை அமெரிக்க விலையோடு ஒப்பிட்டால் பின்வரும் நிலை புலப்படும்.

பிளேஸ்டேசன் 3, 2007: இந்திய விலை 39,990 ரூபாய். அமெரிக்க விலை 599 டாலர். டாலருக்கு ஏறத்தாழ 41 ரூபாய் என்ற அன்றைய மதிப்பில் இது 24,500 ரூபாய். இந்திய விலை 63 விழுக்காடு கூடுதல்.

பிளேஸ்டேசன் 4, 2014 சனவரி: இந்திய விலை 39,990 ரூபாய். அமெரிக்க விலை 399 டாலர். டாலருக்கு ஏறத்தாழ 62 ரூபாய் என்ற மதிப்பில் இது 24,800 ரூபாய். இந்திய விலை 61 விழுக்காடு கூடுதல்.

பிளேஸ்டேசன் 5, 2021 பிப்ரவரி: இந்திய விலை 49,990 ரூபாய், வட்டு இயக்கி இல்லாத வகை 39,990 ரூபாய். அமெரிக்க விலை முறையே 499 டாலர், 399 டாலர். டாலருக்கு ஏறத்தாழ 73 ரூபாய் என்ற மதிப்பில் வட்டு வகை 36,500 ரூபாய். இந்திய விலை 37 விழுக்காடு கூடுதல்.

அமெரிக்க விலையில் அந்நாட்டு மாநில விற்பனை வரி சேராது என்பது இங்கு கருத்திற்கொள்ளத்தக்கது. எனினும் இவ்வொப்பீட்டிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, அமெரிக்க விலைக்கும் இந்திய விலைக்கும் இடையிலான விகிதம் குறைந்து வந்துள்ளது. இரண்டாவது, 14 ஆண்டுகளில் ரூபாயின் மதிப்பு பெரிதும் வீழ்ந்தபோதும், ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதேனும் ஒரு வகை 39,990 ரூபாய்க்கே வெளியாகியுள்ளது. நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால் வாங்குவோர் குறைவர் என்ற கணிப்பு விலையிடலில் செல்வாக்குப் பெற்றிருந்ததை இது காட்டுகிறது எனலாம்.

வரியின் பங்கு

2018ஆம் ஆண்டு நடுவண் வரவுசெலவுத் திட்டத்தில் ஆட்ட இயந்திரங்களின் அடிப்படைச் சுங்க வரி 10 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. சரக்கு மற்றும் சேவை வரி 2017 சூலையில் நடைமுறைக்கு வந்தபோது இவை 28 விழுக்காட்டுப் பிரிவில் வைக்கப்பட்டன. 2019 சனவரி 1 முதல் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 ரூபாய் மதிப்புள்ள இயந்திரம் துறைமுகத்தை அடையும்போது சுங்க வரி 20 ரூபாயும் அதன்மீது பத்தில் ஒரு பங்காகிய சமூக நலக் கூடுதல் வரி 2 ரூபாயும் சேர்ந்து 122 ரூபாய் ஆகிறது. இதன்மீது 18 விழுக்காடு சேர்ந்தால் ஏறத்தாழ 144 ரூபாய். 28 விழுக்காடாக இருந்த காலத்தில் இதுவே 156 ரூபாயாக இருந்தது. போக்குவரத்து, மொத்த வணிகர், சில்லறை வணிகர் ஆகியோரின் பங்கு இதற்குப் பின்னரே சேர்கிறது. எனவே இந்திய விலை உயர்வின் பெரும்பகுதி நிறுவனத்தின் முடிவால் அன்றி வரி அமைப்பால் விளைவது. 2021இல் வட்டு வகையின் விலை வேறுபாடு 37 விழுக்காடாக மட்டுமே இருந்தமை, வரிச்சுமையின் ஒரு பகுதி வாங்குவோர் மீது ஏற்றப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

தென்சென்னைப் புறநகர்ச் சந்தை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலை ஆகியவற்றை உள்ளடக்கிய தென்சென்னைப் புறநகர், தொழிலாளர் குடும்பங்களும் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்து வாழும் பகுதியாகும். தாம்பரத்திலிருந்து புறப்படும் மின்தொடர் வண்டிகள் சென்று நிற்கும் கடற்கரை நிலையத்தின் அருகிலேயே பர்மா பஜார் அமைந்துள்ளது. அதிகாரப்பூர்வ விற்பனை பரவலாகாத காலத்தில் வெளிநாட்டு மின்னணுப் பொருட்களுக்கு அச்சந்தையும் ரிச்சி தெருவும் முதன்மை வழிகளாக இருந்தன. பாதுகாப்பு நீக்கப்பட்ட பிளேஸ்டேசன் 2 இயந்திரங்களும் நகல் வட்டுகளும் நாடெங்கும் இத்தகைய சந்தைகள் வழியாகவே பரவின.

நகல் வட்டு, மேலே கூறிய விலையிடல் அடிப்படையையே குலைத்தது. இயந்திரத்தில் ஏற்பட்ட இழப்பை ஆட்ட விற்பனையால் ஈடுசெய்ய வழியில்லாத சந்தையில், இயந்திரத்தை மலிவாக விற்க நிறுவனத்திற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. சோனி இதற்கு மாற்றாக உள்நாட்டு ஆட்டங்களை முயன்றது. 2009ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட "அனுமான்: பாய் வாரியர்", அதனைத் தொடர்ந்து "தேசி அட்டா", "ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்" ஆகியவை பிளேஸ்டேசன் 2க்காக வெளியாயின. பிளேஸ்டேசன் 3 வந்து ஈராண்டு கழிந்த பின்னும் முந்தைய இயந்திரத்திற்கே இவை உருவாக்கப்பட்டமை, இந்தியாவின் உண்மையான சந்தை எதுவென்று நிறுவனம் அறிந்திருந்ததைக் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. 2006ஆம் ஆண்டு முதல் மாநில அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. உயர்தெளிவுப் படத்தை முதன்மைச் சிறப்பாகக் கொண்ட பிளேஸ்டேசன் 3 இப்பெட்டிகளில் தன் சிறப்பைக் காட்ட இயலாது. பிளேஸ்டேசன் 2க்கு அவை போதுமானவை. அதாவது, புதிய இயந்திரத்தின் உண்மையான விலை 39,990 ரூபாய் மட்டுமன்று. புதிய தொலைக்காட்சியின் விலையும் அதனுடன் சேர்ந்தது.

மணிக் கணக்கில் கட்டணம் பெறும் ஆட்டக் கடைகள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின. ஒரு மணிக்கு 30 ரூபாய் எனக் கொண்டால், 39,990 ரூபாய்க்கு 1,333 மணி நேரம் ஆடலாம். வாரம் இரண்டு மணி நேரம் ஆடும் மாணவர் ஒருவர் அத்தொகையைச் செலவிட ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆகும். ஆட்ட வட்டுகளின் விலை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. சொந்தமாக வாங்குவதைவிடப் பகிர்ந்து ஆடுவது அறிவார்ந்த முடிவாக இருந்தது என்பதை இக்கணக்கு விளக்கும். எனினும் ஒரே இயந்திரத்தைப் பலர் பயன்படுத்துவதால் விற்பனை எண்ணிக்கை உண்மையான ஆர்வத்தைக் காட்டிலும் குறைவாகவே பதிவாகும்.

கைபேசியின் போட்டி

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் இணையத் தரவின் விலை பெரிதும் வீழ்ந்தது. 2018இல் வெளியான பப்ஜி கைபேசி ஆட்டம் விலையின்றிக் கிடைத்தது. 2020 செப்டம்பரில் அது இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோதும், 2021 சூலையில் வேறு பெயரில் அதன் இந்தியப் பதிப்பு வந்தது. கல்விக்கும் வேலைக்கும் எப்படியும் வாங்கவேண்டிய கருவியிலேயே ஆட்டமும் கிடைப்பதால், ஆட்டத்திற்கென்று தனியே ஒரு கருவி வாங்கும் தேவை பல குடும்பங்களில் எழவில்லை.

உற்பத்தியிலும் வேறுபாடு உண்டு. தாம்பரத்திற்கு மேற்கே உள்ள திருப்பெரும்புதூர்ப் பகுதியில் 2006ஆம் ஆண்டு முதல் கைபேசிகள் பெருமளவில் ஒன்றிணைக்கப்பட்டு வந்துள்ளன. முழுமையாக்கப்பட்ட இயந்திரத்தின் மீதான சுங்க வரியை இதனால் கைபேசிகள் தவிர்க்கின்றன. பிளேஸ்டேசன் 5 இந்தியாவுக்கு இறக்குமதிப் பொருளாகவே வந்தது.

நீண்டகால வாய்ப்பு

பிளேஸ்டேசன் 5 உலக அளவில் 2025ஆம் ஆண்டுக்குள் 8 கோடிக்கும் மேல் விற்பனையானது. ஆயினும் அதன் விலை, முந்தைய இயந்திரங்களுக்கு நேர்மாறான வழியில் சென்றது. 2022ஆம் ஆண்டில் சோனி பல நாடுகளில் விலையை உயர்த்தியது; இந்தியாவில் அவ்வாண்டு நவம்பரில் வட்டு வகை 54,990 ரூபாயாகவும் மற்றது 44,990 ரூபாயாகவும் ஆயின. 2024 ஏப்ரலில் வந்த மெலிந்த வகையும் இவ்விலைகளிலேயே வெளியானது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் விலை 549 டாலராக உயர்ந்தது. ஆட்டங்களின் விலையும் பிளேஸ்டேசன் 4 காலத்து 3,999 ரூபாயிலிருந்து 4,999 ரூபாயாக உயர்ந்தது. பத்து ஆட்டங்களின் அவ்விலை வட்டு வகையின் வெளியீட்டு விலைக்கு நிகரானது.

இவ்விலை உயர்வு தாம்பரம் போன்ற பகுதிகளுக்குத் தனி முக்கியத்துவம் உடையது. இந்திய நடுத்தரக் குடும்பங்களின் பழைய வழி, காத்திருந்து விலை குறைந்தபின் வாங்குவதாகும். பிளேஸ்டேசன் 2இன் வெற்றி அவ்வாறு அமைந்ததே. ஆண்டுகள் செல்லச்செல்ல விலை ஏறும் இயந்திரத்திற்கு அவ்வழி பொருந்தாது. பண்டிகைக்காலத் தள்ளுபடியும் தவணை முறையும் பழைய விலைச்சரிவின் இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. எனினும் தவணை, விலையைப் பிரிக்கிறதே அன்றிக் குறைப்பதில்லை. மாதந்தோறும் நிலையான ஊதியம் பெறும் சோழிங்கநல்லூர்ப் பணியாளருக்கு அது பயன்படும். நாட்கூலி பெறும் குடும்பத்திற்குப் பயன்படுவது அரிது.

ஆகவே இந்தியாவில் ஆட்ட இயந்திர விற்பனை வளர்ந்தாலும், அவ்வளர்ச்சி நிலையான வருவாய் உடையோரிடையே நிகழும் வாய்ப்பே மிகுதி. அதற்கு அப்பால் பரவவேண்டுமாயின் சுங்க வரிக் குறைப்பு, உள்நாட்டில் ஒன்றிணைத்தல், முந்தைய தலைமுறை இயந்திரத்தைக் குறைந்த விலையில் தொடர்ந்து விற்றல் ஆகிய மூன்றில் ஒன்றேனும் தேவைப்படும். இவற்றுள் மூன்றாவது மட்டுமே நிறுவனத்தின் கையில் முழுமையாக உள்ளது. பிளேஸ்டேசன் 2இன் இறுதி ஆண்டுகளில் சோனி கையாண்டதும் அதுவே ஆகும்.