உருகும் சொக்லட்டும் உறையில் உள்ள எழுத்தும்

 

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தன. அஸர் தொழுதுவிட்டு வீடு வந்தபோது எங்கள் தெருவில் பிஸ்கட் செய்து விற்கும் ராத்தா ஒருவர் வாசலில் நின்றார். கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகளும் அந்த அடுப்பை நம்பித்தான் படிக்கிறார்கள். கலியாண வீடொன்றுக்கு இருநூறு பிஸ்கட் ஏற்றிருந்தார். லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த சொக்லட்டை உருக்கி, பாதிக்கு மேல் தோய்த்தும் விட்டார். அதன் பிறகுதான் மகள் உறையை வாசித்திருக்கிறாள். சிறிய எழுத்தில் ‘ரம்’ சேர்க்கப்பட்டதாக இருந்தது.

“மௌலவி, தோய்ச்சும் போட்டன். இப்ப என்ன செய்யட்டும்?” என்றார். கண் கலங்கியிருந்தது.

சொல்வதற்கு எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மதுவைச் சேர்த்துச் செய்த பண்டத்தை நாம் உண்ணவும் கூடாது, விற்கவும் கூடாது. தோய்த்ததை ஒதுக்கிவிடுங்கள், மீதியைத் தோய்க்காமல் கொடுங்கள், கலியாண வீட்டாரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். அவருக்கு மாவும் முட்டையும் உழைப்பும் நட்டம். ஆனால் அந்த வீட்டார் அடுத்த கலியாணத்துக்கும் அவரிடமே சொல்லியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையில் சந்தேகமானவை உண்டு, அவற்றை விட்டு விலகியவர் தமது மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய வழி. இன்று அந்தச் சந்தேகம் பெரும்பாலும் உறையின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ரம், பிராந்தி, லிக்கர் என்ற சொற்களைப் பாருங்கள். ஜெலட்டின் என்றிருந்தால் எதிலிருந்து எடுத்தது என்று தெரிய வேண்டும். சொக்லட்டில் அடிக்கடி காணும் 322 என்பது லெசித்தின். பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. 471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ஹலால் சான்று இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. நம் நாட்டில் முன்பு ஜம்இய்யத்துல் உலமா செய்துவந்த இந்தச் சான்றிதழ்ப் பணியை 2014 முதல் ஹலால் எக்ரடிடேஷன் கவுன்சில் செய்து வருகிறது.

அடுத்து உருக்கும் முறை. இதை வீட்டாரிடம் கேட்டும், பக்கத்தில் நின்று பார்த்தும் எழுதுகிறேன்.

சொக்லட்டை நேரடியாக நெருப்பில் வைக்கக் கூடாது, அடிப்பிடித்துவிடும். ஒரு சட்டியில் இரண்டு விரல் அளவு தண்ணீரைச் சூடாக்கி, கொதி அடங்கியதும் அதன் மேல் கோப்பையை வையுங்கள். கோப்பையின் அடி தண்ணீரில் படக் கூடாது. சொக்லட்டைச் சிறிதாக வெட்டி, மூன்றில் இரண்டு பங்கை மட்டும் இட்டு மெதுவாகக் கிளறுங்கள். கோப்பையைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு போதும். உருகியதும் இறக்கி, மீதி ஒரு பங்கையும் இட்டு, அது கரைந்து சூடு தணியும் வரை கிளறுங்கள். இப்படிச் செய்தால் உறைந்த பின் பளபளப்பு இருக்கும். இல்லாவிட்டால் மேலே சாம்பல் பூத்தது போல் வெள்ளை படியும். அது பூஞ்சணம் அல்ல. கொழுப்பு மேலே வந்து படிவதுதான்.

மிக முக்கியமானது ஈரம். கோப்பை, கரண்டி, கை யாவும் உலர்ந்திருக்க வேண்டும். மூடி போட்டால் ஆவி நீராகி உள்ளே சொட்டும். சில துளி பட்டாலே சொக்லட் மணல் போல் கட்டியாகிவிடும். அதற்காக வீசிவிட வேண்டாம். வீண்விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை. சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் இளகி, புடிங்குக்கு ஊற்ற நல்ல பாணியாகும். தோய்க்க மட்டும் உதவாது.

கொக்கோவின் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில் உருகிவிடும். கச்சான் காற்று வீசும் காலத்தில் நமது கல்முனைக் கரையில் பகலில் அது எப்படி உறையும்? ஆகவே சுபஹு தொழுத கையோடு, அல்லது இஷாவுக்குப் பிறகு செய்யுங்கள். பிஸ்கட் நன்றாக ஆறியிருக்க வேண்டும். தோய்த்ததை எண்ணெய்த் தாளில் அடுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் பிரிட்ஜில் வையுங்கள். நீண்ட நேரம் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் மாறும். இளக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் சேர்ப்பவர்கள் இருநூறு கிராமுக்கு ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். கூடினால் நம் வெயிலில் கையில் ஒட்டும்.

கடையில் ‘கொம்பவுண்ட்’ என்று ஒருவகை கிடைக்கும். அதில் கொக்கோ கொழுப்புக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு, உறைவதும் சுலபம். பாவிப்பதில் குற்றமில்லை. ஆனால் அதில் தோய்த்துவிட்டு ‘அசல் சொக்லட்’ என்று சொல்லி அந்த விலையை வாங்கினால் அது வேறு விடயம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள். இந்தச் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

சகோதரிகளே! வீட்டிலிருந்து உழைக்கும் பெண்ணுக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அவளுடைய சொல்தான் அவளுக்குப் பலகை. உருக்குவதற்கு முன் உறையை வாசியுங்கள். விற்பதற்கு முன் உள்ளதைச் சொல்லுங்கள். அந்த வருமானத்தில் பரக்கத்தை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.