பளபளப்புக்கு அடியில் என்ன இருக்கிறது?

"தீபாவளிக்குள் வீட்டில் எதை மாற்றப் போகிறீர்கள்?" என்று வானொலியில் கேட்டால், முன்பெல்லாம் திரைச்சீலை, சோபா என்று பதில் வரும். இப்போது 'எபோக்சி' என்கிறார்கள். டைல்ஸை உடைக்க வேண்டாம், வீடெல்லாம் தூசியாகாது, சில நாளில் பளிங்கு மாதிரி தரை. டிக்டாக்கில் அதை ஊற்றிப் பரப்புவதைப் பார்த்தால் எனக்கே கை பரபரக்கிறது.

ஆனால் குரல் பதிவுகளில் வேறு கதையும் வருகிறது. "தம்பி, கார் போர்ச்சில் டயர் நிற்கிற நான்கு இடத்தில் மட்டும் தோல் தோலாக உரியுது. மட்டமான பெயிண்ட்டை அடிச்சிட்டாங்களா?" என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். பெயிண்ட் நல்லதாகவே இருந்திருக்கலாம் அக்கா. வெயிலில் ஓடி வந்த டயரின் சூட்டில் பூச்சு சற்று இளகும். டயர் ஆறும்போது அதைப் பிடித்து இழுக்கும். சிமெண்டோடு நன்றாக ஒட்டிய பூச்சு தாங்கிக்கொள்ளும். மேலோட்டமாக ஒட்டியது டயரோடு போய்விடும்.

ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், தரையை எப்படித் தயார் செய்வார்கள் என்று கேளுங்கள். கூட்டிக் கழுவிவிட்டு அப்படியே பூசுவது போதாது. இயந்திரத்தால் தேய்த்து, மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கி, தூசியை உறிஞ்சி எடுத்த பிறகே பூச வேண்டும். ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். தரையில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இறங்கினால் நல்லது. முத்து முத்தாக நின்றால், பழைய பூச்சோ எண்ணெயோ இருக்கிறது. அதன்மேல் எதைப் பூசினாலும் நிற்காது.

அதைவிடப் பெரிய எதிரி ஈரம். நம் தாமான் வீடுகளில் கீழ்த்தளத்துக்கு அடியில் இருப்பது மண். அந்த ஈரம் சிமெண்டு வழியாக ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். மேலே காற்றுப் புகாத எபோக்சி இருந்தால், அந்த ஈரம் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளும். ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் பூத்திருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ, முதலில் ஈரத்துக்கு வழி பார்க்க வேண்டும். புதிதாகப் போட்ட சிமெண்டு என்றால் 28 நாளாவது காயட்டும்.

டைல்ஸுக்கு மேலேயே பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். பூசலாம். ஆனால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வந்தால் அது ஏற்கெனவே பிடிவிட்ட டைல். அது ஆடினால் மேலே உள்ள பூச்சும் வெடிக்கும்.

வெயில் படும் இடத்தில் வெறும் எபோக்சி மஞ்சளாகிவிடும். வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன் அல்லது பாலியாஸ்பார்ட்டிக் மேல்பூச்சு கேளுங்கள். மழைச்சாரல் அடிக்கும் போர்ச், குளியலறை, துணி துவைக்கும் இடம் எல்லாவற்றிலும் மேல்பூச்சில் நுண்மணல் கலக்கச் சொல்லுங்கள். கண்ணாடிபோல் மின்னும் ஈரத் தரையில் பாட்டி ஒருமுறை வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். அந்த வீட்டில் மினுமினுப்பு கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அலங்காரச் சிமெண்டு நமக்குப் புதிதும் அல்ல. பழைய வீடுகளில் சிவப்புச் சிமெண்டுத் தரையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிறம் சிமெண்டிலேயே கலந்திருக்கும். அதனால் தேயுமே தவிர உரியாது. உட்காரும் அறைக்கு அந்தத் தோற்றம்தான் பிடிக்கும் என்றால், 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் பூசும் மைக்ரோசிமெண்டைப் பாருங்கள். என் ஓட்டு அதற்குத்தான். சமையலறையில் மட்டும் கவனம்: மேல்பூச்சு சரியில்லாவிட்டால் எலுமிச்சையும் புளியும் சிமெண்டை அரிக்கும், மஞ்சள் கறையாக நிற்கும்.

விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதித் தருவார்கள். தரையைத் தேய்ப்பது, விரிசலை அடைப்பது, எத்தனை பூச்சு, எந்த மேல்பூச்சு, உரிந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள். பிரச்சினை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாளும் ரசீதும்தான்.

இன்னொன்று, அக்டோபர், நவம்பரில் இங்கே மாலையானால் மழை. போர்ச் வேலையைத் தீபாவளிக்கு முந்திய வாரத்துக்கு வைக்காதீர்கள். இப்போதே செய்துவிடுங்கள், அல்லது பண்டிகை முடியட்டும். முறுக்கு சுடும் நேரத்தில் காயாத தரையைத் தாண்டித் தாண்டி நடக்க யாரால் முடியும்?