மூட்டைக்குக் கணக்கு உண்டு, மனிதனுக்கு?

மராட்டிய மாநிலத்திலிருந்து கோவை மில்லுக்கு ஒரு லாரி பஞ்சு வருகிறது. ஒவ்வொரு பொதியும் 170 கிலோ. சரக்கு எவ்வளவு, விலை என்ன, அனுப்பியவர் யார், பெறுபவர் யார், வண்டி எண் என்ன எல்லாம் புறப்படும்போதே ஈ-வே பில்லில் ஏறிவிடுகின்றன. வழியில் சுங்கச் சாவடியைத் தாண்டியதும் ஃபாஸ்டாக் பணத்தைக் கழித்துக்கொண்டு உரிமையாளரின் கைபேசிக்குச் சேதி சொல்கிறது. வண்டியில் ஜி.பி.எஸ். கருவி இருந்தால், எங்கே நின்றது, எத்தனை நிமிடம் நின்றது என்பதும் பதிவாகிவிடுகிறது.

பஞ்சுப் பொதிக்கு இவ்வளவு காவல்! நல்லது. அந்த வண்டியை ஓட்டிவந்த தோழர் கடைசியாக எப்போது தூங்கினார்? பொதியை ஏற்றி இறக்கியவர்களுக்கு என்ன கூலி? அதை எந்தச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள்?

எந்தச் சீட்டிலும் இல்லை!

கருவி நமக்குப் பகையல்ல

"பழையபடி செக்போஸ்டில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டுமா?" என்று நம்மைக் கேட்பார்கள். வேண்டாம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில எல்லைகளில் வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு ஈ-வே பில் வந்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமாயிற்று. சரக்கு தடையின்றிப் போவதை நாம் எதிர்க்கவில்லை. மில் தொழிலாளிக்குத் தெரியும்: தறி நமக்கு விரோதியல்ல. தறி ஓடுவதால் வரும் பலன் யாருக்கு என்பதுதான் நம் வழக்கு.

மிச்சப்பட்ட நேரம் எங்கே போயிற்று? ஓட்டுநருக்கு ஓய்வாகக் கிடைத்ததா? இல்லை. இன்னொரு நடையாக மாறி முதலாளியின் பெட்டிக்குள் போயிற்று. ஈ-வே பில் கூட 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று சரக்குக்குத் தவணை தருகிறது. சரக்கை எதிர்பார்க்கும் முதலாளி அந்தத் தவணையைத் தருவாரா? சாலையோரம் வண்டியை ஒதுக்கிக் கண்ணயர்ந்தால், "ஏன் நின்றாய்?" என்று கைபேசி அலறுகிறது. "சாப்பிட்டாயா?" என்று அது கேட்பதில்லை.

ஏட்டில் எட்டு மணி நேரம்

1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூர ஓட்டத்துக்கு நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி என்று அது எல்லை கட்டியது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும் என்று ஒரு கதவையும் திறந்துவைத்தது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்தவர்கள் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார்கள். அந்தச் சின்ன உரிமையாளரும் சுகமாக இல்லை. வண்டிக் கடனுக்கும் புரோக்கர் கமிஷனுக்கும் நடுவே நசுங்குகிறார்.

2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 1961 சட்டத்தையும் அவை விழுங்கிவிட்டன. எட்டு மணி என்ற எழுத்து புதிய ஏட்டிலும் இருக்கிறது. எட்டு மணியைத் தாண்டியதை நிரூபிக்க யாரிடம் சாட்சி இருக்கிறது? முதலாளியின் ஜி.பி.எஸ். பதிவில் இருக்கிறது! ஓட்டுநரைக் குற்றவாளியாக்க அந்தப் பதிவு வெளியே வருகிறது. அவருடைய கூடுதல் நேரக் கூலிக்கு மட்டும் அது வெளியே வருவதில்லை.

களத்து மேட்டில் என்ன கதை?

விவசாயத் தொழிலாளிக்கும் இது அயல் செய்தி அல்ல. 2025 அக்டோபரில் டெல்டாவில் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் மழையில் நனைந்து முளைத்ததை மறந்துவிட்டோமா? வாங்கிய மூட்டைகளை ஏற்றிச் செல்வதில் தாமதம் என்ற புகார் எழுந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் வேண்டாம் என்கிறார்கள். காயவைக்க வெயிலில்லை, எடுத்துப்போக லாரியில்லை. எந்த லாரி எங்கே நிற்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் காட்டும் கருவிகள் உள்ள காலத்தில், 40 கிலோ மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு "நாளைக்கு லாரி வருமா?" என்று சொல்ல ஆளில்லை! கணக்கு பணத்தைக் காக்கிறது, பயிரிட்டவனைக் காக்கவில்லை.

நாம் கேட்பது

வண்டி ஓடிய, நின்ற நேரப் பதிவின் நகல் ஒவ்வொரு நடை முடிவிலும் ஓட்டுநர் கையில் வேண்டும். அதன்படியே வேலை நேரமும் கூடுதல் கூலியும் கணக்கிட வேண்டும். சரக்குச் சீட்டில் ஏற்று இறக்குக் கூலியும் எழுதப்பட வேண்டும். கொள்முதல் நிலையத்துக்கு எத்தனை லாரி, எப்போது வரும் என்பதை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

நடக்குமா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். விபத்தில் உயிர் போய், தகவல் தராமல் சென்றால் பத்தாண்டு வரை சிறை என்று 2023 டிசம்பரில் சட்டம் இயற்றினார்கள். 2024 ஜனவரி முதல் நாட்களில் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஜூலை 1 அன்று அந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது, அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

சக்கரம் நின்றால்தான் சர்க்காரின் காது திறக்கும் என்றால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை எவ்வளவு வலியது! பஞ்சை ஏற்றும் கை, நூற்கும் கை, நெல்லை அறுக்கும் கை மூன்றும் சேரட்டும். மூட்டைக்குக் கணக்கு வைத்தவர்கள் மனிதனுக்கும் கணக்குச் சொல்லியே தீர வேண்டும்!